கடல் கடந்து வந்த பணம் கரிசல் காட்டுக்கு உதவுமா?

குழுக்கடன் வாங்கும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள்

ஐந்து பெண்கள், பத்துப் பெண்கள் என்று ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். கையில் கடன் அட்டை. எதிரே தவணை வாங்க வந்த இளைஞர். ரூபாயை எண்ணி வைக்கிறார்கள். அட்டையில் வரவு எழுதி வாங்குகிறார்கள். கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இன்று இது வாடிக்கையான காட்சி. குழுக்கடன் என்று இதைச் சொல்கிறார்கள். இந்தக் கடன் பணம் எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சில சமயம் அது கடல் கடந்து வந்த பணம்! எங்கோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பணக்காரர்களும், தரும ஸ்தாபனங்களும், ஓய்வூதிய நிதிகளும் போட்ட முதல், பல கைகள் மாறி நம் ஊர்த் திண்ணைக்கு வருகிறது. “ஏழைகளுக்கு நன்மையும் நடக்க வேண்டும், எங்களுக்கு லாபமும் வர வேண்டும்” என்பது அந்த முதலாளிகளின் எண்ணம். இதற்குச் “சமூக நல முதலீடு” என்று பெயர்.

நல்ல எண்ணம்தான். ஆனால் வானத்தைப் பார்த்துப் பிழைக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி பூமியில் இது எப்படிப் பலிக்கும்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வானம் பார்த்த பூமி

மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அருப்புக்கோட்டை. தறிச் சத்தம் கேட்கும் ஊர். அதற்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் அது. இரண்டும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த தாலுகாக்கள்.

சுற்றிலும் பெரும்பாலும் கரிசல் மண். சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, உளுந்து, மல்லி, மிளகாய் விளையும். பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் சோறு. நிரப்பாவிட்டால் ஆட்டை விற்க வேண்டும். சீமைக்கருவேலை வெட்டிக் கரி மூட்டம் போட வேண்டும். அல்லது ஊரைவிட்டு வேலை தேடிப் போக வேண்டும்.

இங்கே இரண்டு விதமான குடும்பங்களைப் பாருங்கள்.

தறி ஓட்டும் குடும்பத்துக்கு வாரக் கூலி. கூலி குறைவுதான். ஆனாலும் வாரம் பிறந்தால் கையில் ஏதாவது பணம் வரும்.

மானாவாரிக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. புரட்டாசியில் விதைக்கிறார்கள். தை, மாசியில்தான் அறுவடை. நடுவில் உள்ள மாதங்களில் செலவு உண்டு, வரவு இல்லை. மழை தவறினால் அந்தத் தை மாத வரவும் இல்லை.

இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுக்கடனால் வரும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

தண்டலும் மீட்டர் வட்டியும்

குழுக்கடன் வருவதற்கு முன்பு ஏழைகளுக்குக் கடன் கிடைக்கவில்லையா? கிடைத்தது. எந்த விலைக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

தண்டல் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 1,000 ரூபாய் கடன் என்று பேச்சு. 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். தினம் 10 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். “நூறு ரூபாய்தானே வட்டி!” என்று தோன்றும். ஆனால் நாம் தினந்தோறும் அசலைத் திருப்பிக் கொண்டே வருகிறோம். பாதி நாளிலேயே பாதிக் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் வட்டி நூற்றுக்கு 75 ரூபாயையும் தாண்டும்!

நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 120 ரூபாய். அதாவது அசலைவிட வட்டி அதிகம்.

இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய அநியாய வட்டிகள் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அவசரத்துக்குப் பணம் வேண்டியவர், சட்டப் புத்தகத்தைப் பார்த்துக் கடன் வாங்குவதில்லை. அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும். கதவைத் தட்டினால் யார் கொடுக்கிறாரோ அவரிடம்தான் வாங்குவார்.

ஆகவே, நியாயமான வட்டிக்கு நம்பிக் கடன் கொடுக்க ஒருவர் வந்தால் அது பெரிய உதவிதான். அதில் சந்தேகம் இல்லை.

பொதுப் பணம் நமக்குப் புதிதல்ல

ஊர் நன்மைக்காகப் பணத்தைத் திரட்டி வேலை செய்ய வைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய விஷயம் அல்ல.

19-ம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் “மகமை” என்ற ஏற்பாட்டை நடத்தினார்கள். வியாபாரமாகும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பொது நிதிக்குக் கொடுக்க வேண்டும். உறவின்முறை அந்த நிதியை நிர்வகிக்கும். கிணறும் பேட்டையும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன.

காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையும் வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்தப்பட்ட பள்ளிதான். தினம் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அந்த ஒரு பிடி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கல்வி ஆயிற்று.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். மகமை கொடுத்தவரும் அதன் பலனை அனுபவித்தவரும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பள்ளியில் வாத்தியார் வந்தாரா என்று பணம் கொடுத்தவர் நேரே போய்ப் பார்க்கலாம். இன்றைய முதலீட்டில் அந்த நேர்ப்பார்வை இல்லை. பணம் போட்டவர் ஒரு கண்டத்தில் இருக்கிறார். கடன் வாங்கியவர் வேறு கண்டத்தில் இருக்கிறார்!

மதுரையிலிருந்து நெதர்லாந்து வரை

இந்தத் தூரம் எப்படி உண்டாயிற்று? நம் பக்கத்துக் கதை ஒன்றே போதும்.

கருமுத்து தியாகராஜச் செட்டியார் 1943-ல் தொடங்கியது பாங்க் ஆப் மதுரா. 1990-களில் அதன் தலைவராக இருந்தவர் கே.எம். தியாகராஜன். கிராமத்துப் பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்து அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வேலையை அந்தப் பாங்கி தென் மாவட்டங்களில் எடுத்துக்கொண்டது. 2001-ல் பாங்க் ஆப் மதுரா, ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கியோடு இணைந்துவிட்டது. பிறகு தியாகராஜன் “மதுரா மைக்ரோ பைனான்ஸ்” என்ற கம்பெனியைத் தொடங்கினார். குழுக்களுக்குக் கடன் கொடுப்பதுதான் அதன் தொழில்.

2020-ல் அந்தக் கம்பெனியைப் பெங்களூரில் உள்ள கிரெடிட்ஆக்சஸ் கிராமீண் என்ற கம்பெனி விலைக்கு வாங்கியது. பெங்களூர்க் கம்பெனியின் பெரும்பங்கு அப்போது யாரிடம் இருந்தது தெரியுமா? ஐரோப்பாவில், நெதர்லாந்து நாட்டில் உள்ள ஒரு கம்பெனியிடம்!

மதுரைச் சீமையில் முளைத்த குழுக்கடன், இருபதே ஆண்டுகளில் நெதர்லாந்துக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஆகிவிட்டது.

இன்னும் உதாரணங்கள் உண்டு. திருச்சியில் தொண்டு வேலையாக ஆரம்பித்து வளர்ந்தது “கிராம விடியல்”. அதை 2016-ல் ஐ.டி.எஃப்.சி. பாங்கி வாங்கியது. சென்னையில் 2007-ல் பி.என். வாசுதேவன் தொடங்கிய “ஈக்விடாஸ்” வெளிநாட்டு முதலீடுகளோடு வளர்ந்து, 2016-ல் சிறுநிதி பாங்கியாகவே மாறிவிட்டது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. என்ற ஸ்தாபனமும் இந்தியாவில் பல சிறுகடன் கம்பெனிகளில் பங்கு வாங்கியது.

இதற்கெல்லாம் வழிகாட்டி யார்? நமது பக்கத்து நாடான வங்காளதேசத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த முகம்மது யூனுஸ். 1976-ல் ஜோப்ரா என்ற கிராமத்தில் ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் நாணயமாகத் திருப்பிக் கட்டினார்கள். அந்த முயற்சி 1983-ல் கிராமீண் பாங்கி ஆயிற்று. 2006-ல் அவருக்கும் அந்தப் பாங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. “ஏழைப் பெண் கடனைத் திருப்பிக் கட்டுவாள்” என்று உலகம் தெரிந்துகொண்டது. பணக்காரர்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. சமூக நல முதலீடு என்ற பொருள் கொண்ட ஆங்கிலப் பெயரும் 2007-ல் இத்தாலி நாட்டில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் பிறந்தது.

ஆந்திராவில் வந்த ஆபத்து

பணம் வெள்ளமாக வந்தது. வெள்ளம் வந்தால் கண்மாயும் நிரம்பும், கரையும் உடையும்.

2010-ம் ஆண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ்.கே.எஸ். என்ற சிறுகடன் கம்பெனி பங்குகளை வெளியிட்டு 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதில் இவ்வளவு லாபமா என்று ஊரே வாயைப் பிளந்தது.

ஆனால் அதே ஆண்டில் அதே ஆந்திராவில் வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு கம்பெனி கொடுத்த வீட்டுக்கே அடுத்த கம்பெனியும் கடன் கொடுத்தது. மூன்றாவதும் வந்தது. ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கினார்கள். தவணை தவறினால் வாசலில் வந்து நின்று அவமானப்படுத்தினார்கள் என்று புகார்கள் கிளம்பின. கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்ததாகவும் செய்திகள் வந்தன. அக்டோபர் மாதம் ஆந்திர அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது. வசூல் அடியோடு நின்றது. பல கம்பெனிகள் ஆட்டம் கண்டன.

அதுவரை அந்தக் கம்பெனிகள் பெருமையாகச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. “எங்கள் கடனில் நூற்றுக்கு 98, 99 திரும்பி வந்துவிடுகிறது” என்பதுதான் அது.

கடன் திரும்பி வந்தது உண்மை. எப்படித் திரும்பி வந்தது? தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினாலும் கணக்கில் வரவுதான். தண்டல்காரரிடம் வாங்கிக் கட்டினாலும் வரவுதான். பிள்ளையின் பள்ளிப் பணத்தில் கட்டினாலும் வரவுதான். தூரத்தில் இருக்கும் முதலாளியின் புத்தகத்தில் “தவணை வந்ததா?” என்று ஒரு கட்டம் இருக்கிறது. “எப்படி வந்தது?” என்று ஒரு கட்டம் இல்லை. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருந்தது.

கடனால் ஏழ்மை தீருமா?

இதையும் அறிஞர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் 2015-ல் வெளிவந்தன. ஐதராபாத்தில் நடந்த ஆராய்ச்சியில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ தம்பதியர் ஈடுபட்டார்கள். 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர் இவர்கள்.

அவர்கள் கண்டது என்ன? ஏற்கெனவே கடையோ தொழிலோ வைத்திருந்தவர்களில் சிலர் குழுக்கடனால் அதைப் பெருக்கிக்கொண்டார்கள். ஆனால் சராசரியாகப் பார்த்தால் குடும்பங்களின் வறுமை அதனால் மாறிவிடவில்லை. எல்லாரையும் முன்னேற்றும் மந்திரக்கோலும் இல்லை. எல்லாரையும் அழிக்கும் விஷமும் இல்லை.

ஆகவே கடன் ஒரு கருவிதான். அரிவாளைப் போல. கதிர் அறுக்கவும் உதவும்; கையையும் அறுக்கும். பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொந்தக் களஞ்சியம்

மதுரைப் பக்கத்தில் இதற்கு இன்னொரு வழியும் பிறந்தது. அதன் பெயரே “களஞ்சியம்”. 1990-ஐ ஒட்டித் தொடங்கிய அந்த இயக்கத்தை 1997 முதல் தானம் அறக்கட்டளை வளர்த்து வருகிறது.

இதில் வெளிப்பணம் முதலில் வருவதில்லை. முதலில் சொந்தச் சேமிப்பு. பிறகு தங்களுக்குள் கடன். அதற்குப் பிறகுதான் பாங்கிக் கடன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 20 பெண்கள் சேர்ந்த ஒரு குழு. ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமித்தால் மாதம் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய். ஐந்து ஆண்டில் 1,20,000 ரூபாய்! அதைத் தங்களுக்குள் கடன் கொடுத்தால் வட்டியும் வெளியே போவதில்லை. குழுவின் பெட்டிக்கே திரும்பி வருகிறது.

இந்த இயக்கத்தின் தலைவிகளில் ஒருவர் சின்னப்பிள்ளை அம்மாள். மதுரை மாவட்டத்தில் வயலில் கூலி வேலை செய்த பெண்மணி. பெண்களைக் கந்துவட்டிப் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டார். 1999-ம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருதைக் கொடுத்தபோது, பிரதமர் வாஜ்பாய் அந்த அம்மாளின் காலைத் தொட்டு வணங்கினார். நாடே வியந்தது! 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

1992-ல் நபார்டு பாங்கி, 500 சுய உதவிக் குழுக்களைப் பாங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. இன்று நாடெங்கும் லட்சக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன. நம் விருதுநகர் மாவட்டத்தையும் மத்திய அரசாங்கம் 2018-ல் “முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள்” பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் வந்தவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே. ஏழைக் குடும்பங்களைப் பாங்கிக் கணக்கு, கடன், இன்சூரன்ஸ் வசதிக்குள் கொண்டுவருவதும் அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

தவணையும் மழையும்

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டு குடும்பங்களுக்கு வருவோம்.

வாரக் கூலி வாங்கும் தறிக் குடும்பத்துக்கு வாரத் தவணை ஒருவாறு பொருந்தும். மானாவாரிக் குடும்பத்துக்கு? ஆவணியில் கடன் வாங்கி விதை வாங்குகிறார்கள். மறு வாரமே தவணை கேட்டால் எதைக் கொண்டு கட்டுவார்கள்? விதை இன்னும் மண்ணுக்குள் இருக்கிறதே! வாங்கிய கடனிலேயே ஒரு பகுதியை எடுத்துத் தவணை கட்ட வேண்டியதுதான். விதைக்கு வாங்கிய பணம் விதையாகாமல் திரும்பிப் போகிறது; வட்டி மட்டும் நிற்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் பாங்கி 2022-ல் சிறுகடனுக்கென்று புதிய விதிகள் போட்டது. ஏப்ரல் 1-ந் தேதி அவை அமலுக்கு வந்தன. கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்றபடி தவணைக் காலத்தை வைக்க ஒவ்வொரு கம்பெனியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. வாரமா, மாதமா, அறுவடைக்கு அறுவடையா என்று நாம் கேட்கலாம். கேட்காதவருக்கு யாரும் தானாக முன்வந்து கொடுக்கப் போவதில்லை.

மழை தவறினால் நஷ்டத்தை ஈடு கட்டும் இன்சூரன்சும் உண்டு. 2003-ல் ஆந்திராவின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்காக அதை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். மழைமானியில் குறிப்பிட்ட அளவு மழை பதிவாகாவிட்டால் பணம் கொடுப்பார்கள். சமூக நலனை நாடும் முதலாளிகள் கரிசல் காட்டுக்கு ஏதாவது செய்ய விரும்பினால், இன்னொரு வாரக் கடனைவிட இந்த மாதிரி வசதிதான் அதிகம் உதவும். மழை இல்லாத ஆண்டில் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் பணமே இங்கே நல்ல பணம்.

வட்டிக் கணக்கில் ஒரு வலை

“ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய்தான் வட்டி” என்று ஒருவர் சொன்னால் உடனே ஏமாந்துவிடக் கூடாது. அது எந்த விதமான வட்டி என்று கேட்க வேண்டும்.

10,000 ரூபாய் கடன். 12 மாதத் தவணை. முழு அசலுக்கும் 12 வட்டி என்றால் 1,200 ரூபாய். மொத்தம் 11,200 ரூபாய். மாதம் சுமார் 933 ரூபாய் கட்ட வேண்டும்.

ஆனால் முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து நம்மிடம் இருப்பது ஏறக்குறையப் பாதி அசல்தான். வட்டி மட்டும் முழு 10,000 ரூபாய்க்கும் வாங்கப்படுகிறது! குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால், உண்மையில் நாம் கட்டுவது நூற்றுக்கு 21 ரூபாய்க்கு மேல். 12 என்று சொன்னார். 21 என்று வாங்கினார்.

கம்பெனிகளுக்கும் செலவு உண்டு என்பதை மறுக்க முடியாது. அவர்கள் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ஊர் ஊராக ஆள் அனுப்ப வேண்டும். வராக் கடன் நஷ்டத்தையும் தாங்க வேண்டும். ஆகையால் பெரிய பாங்கியைவிட வட்டி கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் எல்லை மீறக் கூடாது. அநியாய வட்டி வாங்கியதாகச் சொல்லி, 2024 அக்டோபரில் 4 கடன் கம்பெனிகள் புதுக் கடன் கொடுக்க ரிசர்வ் பாங்கி தடை போட்டது. குறைகளைத் திருத்திக்கொண்ட பிறகே, 2025 ஜனவரிக்குள் தடைகள் நீங்கின.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

தாய்மார்களே! கடன் வாங்கும்போது வெட்கப்பட வேண்டாம். கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ரிசர்வ் பாங்கியின் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன.

1. “எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு?” வட்டியும் கட்டணமும் அடங்கிய விவரத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும்.

2. “எங்கள் வருமானத்துக்கு இது தாங்குமா?” ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுப்பது சிறுகடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வருமானம் என்றால் மாதத்துக்கு 10,000. ஆகவே எல்லாத் தவணையும் சேர்ந்து 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மானாவாரிக் குடும்பம் இன்னும் குறைவாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

3. “அடமானம் எதற்கு?” சிறுகடனுக்கு வீட்டுப் பத்திரமோ நகையோ ஈடு கேட்கக் கூடாது.

4. “முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?” கிடையாது.

5. “இந்த இன்சூரன்ஸ், இந்தச் சாமான் கட்டாயமா?” கடனோடு வேறு எதையும் உங்கள் சம்மதம் இல்லாமல் தலையில் கட்டக் கூடாது.

6. “வசூலுக்கு எங்கே வருவீர்கள்?” இருவரும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரரையும் தொல்லைப்படுத்தக் கூடாது.

மீறினால் என்ன செய்வது? முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். கடன் வசூலில் மிரட்டல், பலாத்காரம் நடப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

கடனைவிட முதலில் ஒரு குடை

கடன் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2015-ல் மத்திய அரசாங்கம் இரண்டு இன்சூரன்ஸ் திட்டங்களைக் கொண்டுவந்தது. பாங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை இதில் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால், விபத்து, நோய் என்று எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதில் 18 முதல் 50 வயது வரை சேரலாம்.

சம்பாதிக்கும் ஆள் போய்விட்டால் கடன் மட்டும் வீட்டில் நிற்கும். அந்த நாளுக்கு இது ஒரு குடை. மழைக்கு முன்பே குடையை வாங்கி வைப்பதுதானே அழகு?

நல்ல பணத்துக்கு அடையாளம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அது கடன் வாங்குபவருக்கும் பொருந்தும், கொடுப்பவருக்கும் பொருந்தும்.

கடல் கடந்து வரும் பணத்தை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. தண்டல் வட்டியைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த முதலாளிகள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை பேர் தவணை கட்டினார்கள் என்பதோடு, கட்டிய பிறகு அவர்கள் வீட்டில் என்ன மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். ஆடு இருக்கிறதா? விதை நெல் இருக்கிறதா? நகை திரும்பி வந்ததா? பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? மழை பொய்த்த ஆண்டிலும் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால், அந்தப் பணம் சமூக நலப் பணம்தான். கிடைக்காவிட்டால், அதுவும் வட்டிப் பணமே. பெயர் மட்டும் வேறு.

தூரத்தில் இருப்பவருக்கு நம் ஊர் தெரியாது. தெரியப்படுத்த வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடன் அட்டையை எடுத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படியுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று விரல் வைத்துப் படியுங்கள். புரியாத வரி இருந்தால், அது புரிகிற வரையில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கற்ற எழுத்துக்கு இதைவிடப் பெரிய பலன் வேறு என்ன வேண்டும்?